கம்ப்யூட்டர் அறையில் ஈரச் சாக்கு

எங்கள் எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது 1987 ஜூன் மாதம். நீலகிரியில் அதற்கு முன் வேறு எந்தத் தோட்டத்தில் கம்ப்யூட்டர் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆகையால் இதுதான் முதலாவது என்று எழுதமாட்டேன். ஜெகதளாவுக்கு மேலே இருக்கிற தோட்டங்களில் எங்களுடையதுதான் முதலாவது என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

அதை ஓட்டியவள் தெய்வம்மா. அவளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. இருந்தாலும் என் மகள் வயதுக்காரி என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். நான் அந்த ஆபீசில் ஹெட் கிளார்க். பார்த்ததைப் பார்த்ததாகவும், அவள் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்கிறேன்.

தெய்வம்மா பிறந்தது இலங்கையில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா அவளுடைய சிறு வயதிலேயே இறந்துவிட்டார். யார் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று இந்திய, இலங்கை அரசாங்கங்கள் ஒப்பந்தப்படி தோட்ட ஆட்களைப் பிரித்தபோது, அம்மா ஆண்டாயிக்கும் அவளுக்கும் இந்தியா என்று வந்தது. கல்யாணமாகித் தனியாக மனுப் போட்டிருந்த அண்ணன் செல்லையாவுக்கு இலங்கை என்று வந்தது. 1978இல் தாயும் மகளும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். ஆவணி மாதம் என்று தெய்வம்மா சொல்கிறாள். ஆண்டாயி கடைசிவரை புரட்டாசி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்தார்கள். பிறகு தெற்கே ஒரு நூற்பாலையில் வேலை என்று அனுப்பிவைத்தார்கள். பிறந்ததிலிருந்து மழையிலும் பனியிலும் இருந்தவர்கள். அந்த வெயிலில் ஆண்டாயிக்கு உடம்பெல்லாம் கொப்புளம். தேயிலை எங்கே விளைகிறது என்று விசாரித்து விசாரித்து மேட்டுப்பாளையம் வந்து, மலை ஏறிவிட்டார்கள்.

எங்கள் எஸ்டேட்டில் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடு கிடைத்தது. சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு கம்பளி, கண்ணாடி போட்ட கதிர்காமத்து முருகன் படம். படத்தை ஆண்டாயி சுவரில் மாட்டவில்லை. பெட்டியின்மேல் சாய்த்து வைத்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் லயம் முழுவதும் தெரிந்திருந்தது.

"ஆணி அடிச்ச வீட்டையெல்லாம் விட்டுட்டு வந்தாச்சு. நமக்குன்னு ஒரு வீடு நின்னாத்தான் இனி அடிப்பேன்."

தெய்வம்மாவுக்குத் தொழிற்சாலையில், தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் சலிப்பறையில் வேலை. தொழிற்சாலை என்று நாங்கள்தான் சொல்வோம். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அது இஸ்டோர். காய்ந்த தேயிலையில் தூளோடு காம்பும் நாரும் கலந்திருக்கும். நாரைப் பிரிக்க அங்கே ஓர் இயந்திரம் உண்டு. பிளாஸ்டிக் உருளைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் முதுகில் கம்பளித் துணி உராய்ந்துகொண்டே இருக்கும். உராய உராய உருளைக்கு ஓர் இழுப்பு வரும். தலை வாரிய சீப்பைக் காகிதத் துணுக்குக்கு அருகே கொண்டுபோனால் துணுக்கு எழும்பி ஒட்டிக்கொள்கிறதே, அதே இழுப்புத்தான். உருளைக்குக் கீழே தூள் ஓடும்போது லேசான நார் மட்டும் துள்ளி உருளையில் ஒட்டும். நார் மெசின் என்று பெயர். அந்த மெசினில் தெய்வம்மா ஏழு வருஷம் நின்றாள். வேலை முடிந்தபின் குன்னூருக்கு பஸ் ஏறிப் போய் டைப்ரைட்டிங் படித்தாள். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறினாள்.

அதனால்தான் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானதும் மேனேஜர் பாலசுப்பிரமணியம் அவளைக் கூப்பிட்டார். அவர் கோபிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். எந்தத் தேயிலைக் காட்டில் எவ்வளவு கொழுந்து வந்தது என்பதை ஒவ்வொரு வாரமும் கலர் கலரான பட்டைகளாகத் திரையில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக விற்பனைக்காரர்களிடம் சொல்லி, சாதாரணக் கார்டுக்குப் பதிலாகக் கலர் கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரை வரவழைத்தார்.

தெய்வம்மாவுக்கு அவர் வைத்த நிபந்தனையை நான்தான் படித்துக் காட்டினேன். தொழிலாளியாக அவள் பெயர் பதிந்திருந்ததை விட்டுவிட வேண்டும். ஒரு வருஷம் தற்காலிகமாக ஆபீசில் வேலை. லயத்து வீட்டை விட்டு ஆபீசுக்குப் பின்னாலுள்ள குவார்ட்டர்ஸுக்கு உடனே மாறிக்கொள்ளலாம். வருஷம் நல்லபடியாக முடிந்தால் ஆபீஸ் ஆள் என்று நிரந்தரம்; குவார்ட்டர்ஸும் அவர்களுக்கே. முடியாவிட்டால் வேலை இல்லை. எஸ்டேட்டில் வேலை இல்லாதவருக்கு வீடும் இல்லை. சலிப்பறையில் அவள் இடத்துக்கு மூக்கம்மா என்கிறவளைப் போட்டுவிட்டார்கள். ஆகையால் திரும்பிப் போகவும் வழி கிடையாது. தெய்வம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

குவார்ட்டர்ஸ் சாவியை ஆண்டாயியிடம் கொடுத்தபோது விதிகளையும் சொன்னேன். கோழி வளர்க்கக் கூடாது. அடுப்பை முன்னறையில் வைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிப்பதானால் ஆபீசில் கேட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

"ஆணிக்கு அவசியம் வராதுங்க, கிளாக்கரையா" என்றார் ஆண்டாயி. படம் இங்கேயும் பெட்டியின்மேல்தான் ஏறியது.

மலையில் இருப்பவர்களுக்கு ஈரம்தான் பெரிய எதிரி. பீரோவுக்குள் பல்பு எரியவிடாத வீடு இங்கே குறைவு. எங்கள் மேனேஜருக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல், ஏனென்றால் அவருடைய இரண்டு காமிராக்களின் லென்சிலும் பூஞ்சை படர்ந்து வீணாகியிருந்தது. கம்ப்யூட்டருக்கு அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்று ஆபீசின் கோடியில், தேயிலையை உலர்த்தும் டிரையரை ஒட்டிய அறையை ஒழித்துக்கொடுத்தார். அந்த அறையின் ஒரு சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டினோம். மேசைக்கடியில் கம்பளி விரித்தோம். அலமாரியில் இரவும் பகலும் பல்பு எரிந்தது. இதெல்லாம் போதாதென்று, சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து கிராபிக்ஸ் கார்டை வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும் என்றும் ஓர் உத்தரவு.

கிராபிக்ஸ் கார்டு என்பது முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பச்சைப் பலகை. மேலே கறுப்புச் சில்லுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். ஓரத்தில் தங்க நிறத்தில் பற்கள். அந்தப் பற்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பள்ளத்தில் செருகிக்கொள்ளும். திரையில் தெரிகிற எழுத்தும் படமும் இந்தக் கார்டின் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே வேறு கார்டுகளும் இருந்தன. கம்ப்யூட்டரைப் பொருத்த வந்த கோயம்புத்தூர் இன்ஜினியர் ஜஸ்டஸ், மற்றவற்றில் கை வைத்தால் பதிந்துவைத்ததெல்லாம் போய்விடலாம், இது ஒன்றைமட்டும் வேண்டுமானால் எடுத்துத் துடைக்கலாம் என்று செய்து காட்டியிருந்தார். ஆகவே தெய்வம்மா சனிக்கிழமை தவறாமல் அந்தக் கார்டைமட்டும் எடுத்து, பற்களை ரப்பரால் தேய்த்து, சூடான சுவர் ஓரம் மடித்த கம்பளியில் சற்றுநேரம் வைத்து, திரும்பச் செருகுவாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கும்.

ஜூன் முதல் நவம்பர் வரை ஒரு குறையும் இல்லை. அந்த வருஷ மழையில் என் மேசை இழுப்பறைகள் ஊதிப்போய்த் திறக்க வரவில்லை. ஆபீஸ் பைல்களெல்லாம் பாசி வாடை. கம்ப்யூட்டர்மட்டும் சொன்னபடி கேட்டது. மேனேஜர் வருகிறவர்களையெல்லாம் அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார்.

டிசம்பர் நடுவில் உறைபனி விழ ஆரம்பித்தது. விடியும்போது பள்ளத்துப் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். பொழுது ஏறினால் வானம் சுத்த நீலம். காற்று காய்ந்து உதடு வெடிக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை, கார்டைத் துடைத்துச் செருகியபின், திரையில் எழுத்துகளுக்கு நடுவே புள்ளிகள் தெறித்தன. சிவப்புப் பட்டை பச்சையாகத் தெரிந்தது. திங்கட்கிழமை திரை ஒரேயடியாக இருட்டு. சுவிட்சைப் போட்டதும் உள்ளேயிருந்து ஒரு நீளமான பீப், தொடர்ந்து இரண்டு சின்ன பீப். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு சின்ன பீப்தான் வரும்.

ஜஸ்டசுக்குப் போன் போட்டோம். சத்தத்தைக் கேட்டதுமே கார்டைத்தான் சந்தேகப்பட்டார். ஆனாலும் மற்றதை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு வர வேண்டும் என்றார். திரையின் வெளிச்சத் திருகு, கேபிள் முனையில் ஊசி எதுவும் வளைந்திருக்கிறதா, கார்டை வேறு பள்ளத்தில் போட்டால் மாறுகிறதா என்று அவர் கேட்கக் கேட்க, தெய்வம்மா பார்த்துப் பார்த்துச் சொன்னாள். எல்லாம் சரி, கார்டுதான் தப்பு. மறுநாளே ஜஸ்டஸ் வேறொரு கார்டோடு பஸ்ஸில் வந்தார். கோயம்புத்தூர்க்காரர்; அரைக்கைச் சட்டையோடு வந்து பல் கிட்டித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் தன் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். கார்டைப் பொருத்தியதும் பட்டைகள் பளிச்சென்று வந்தன.

அதுவும் நிலைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை துடைத்துப் போட்டபின் அதே புள்ளிகள். பிறகு அதே இருட்டு.

இரண்டு கார்டுகளையும் ஜஸ்டஸ் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போய் அங்கே சோதித்தார். அங்கேயும் அவை பேசவில்லை. ஈரத்தால் வந்த கோளாறாக இருந்தால் காய்ந்தபின் சரியாகியிருக்க வேண்டும், இவை உள்ளேயே செத்துப்போயிருக்கின்றன என்று போனில் சொன்னார். அடுத்து கரண்ட்மேல் சந்தேகம் வந்தது. குந்தா மின்நிலையத்திலிருந்து வரும் லைன் ஏறி இறங்குகிறதா என்று எங்கள் எலக்ட்ரீஷியன் வாரக்கணக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஸ்டெபிலைசரும் வாங்கி வைத்தோம். கரண்டில் ஒரு குறையும் இல்லை.

இதற்குள் தொழிற்சாலையில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. தெய்வம்மாவுக்குக் கைராசி இல்லையாம். ஆரம்பித்துவைத்தவள் மூக்கம்மா. அவளும் இலங்கையிலிருந்து வந்தவள்தான், வாய்த்துடுக்கு அதிகம், மனதில் ஒன்றும் இருக்காது.

"ஓங் கையால எங்க வீட்டுப் பக்கம் கறிவேப்பிலையக் கிள்ளிராத புள்ள, மரம் பட்டுரும்" என்று குழாயடியில் சொல்லிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். தெய்வம்மாவும் சிரித்துவிட்டுத்தான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் மனதில் அது தங்கிவிட்டது.

ஜனவரி முடிகிற சமயம் மேனேஜர் என்னையும் அவளையும் கூப்பிட்டார். முதலாளி வீட்டிலிருந்து கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். விற்றவர்கள் இன்னும் ஒரே ஒரு கார்டு தருகிறார்கள். அதுவும் போனால் கம்ப்யூட்டர் மலையைவிட்டுக் கீழே இறங்கிவிடும். இதைச் சொல்லும்போது அவர் தெய்வம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டரே இல்லீன்னா அதுக்கு ஆளும் வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்க அம்மிணி. நான் எடுத்துச் சொல்றேன். கேப்பாங்களான்னு தெரியலீங்" என்றார்.

வெளியே வந்து தெய்வம்மா என் மேசைக்கு எதிரே நின்றாள். வீட்டில் சொல்லப்போகிறாயா என்று கேட்டேன். சொன்னால் அம்மா இன்றைக்கே பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிடும் என்றாள். பிறகு சொன்னாள்:

"உள்ள அத்தன கார்டு இருக்குங்க ஐயா. எதுக்கும் ஒண்ணும் ஆகல. நாந் தொடுறது மட்டுந்தான் சாகுது."

அப்போது அது புலம்பலாகத்தான் காதில் விழுந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், பாதி விடையை அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

கடைசிக் கார்டோடு ஜஸ்டஸ் வரவேண்டிய நாள். அன்று உறைபனி கடுமை. பஸ் தாமதம் என்று தெரிந்ததும், ஆபீசில் சும்மா உட்கார முடியாமல் தெய்வம்மா தொழிற்சாலைப் பக்கம் போனாள். சலிப்பறையில் மூக்கம்மா நார் மெசினோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். உருளை நாரோடு நல்ல தூளையும் சேர்த்து அள்ளிக்கொண்டிருந்தது. இனி நடந்தது தெய்வம்மா எனக்குச் சொன்னது.

"வாடி வா. இந்தப் பேய் மெசினப் பாரு. இதுலயும் கைய கிய வச்சியா?" என்றாள் மூக்கம்மா.

"பனிக்காலத்துல அது அப்பிடித்தான் இழுக்கும். ஈரச் சாக்குத் தொங்க விடலயாக்கா?"

மூக்கம்மாவுக்கு அது முதல் பனிக்காலம். அந்த வழக்கம் அவளுக்குத் தெரியாது. தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் கண்ணில் படாமல் சலிப்பறைப் பெண்கள் செய்துவந்த காரியம் அது. தேயிலை இருக்கிற இடத்தில் ஈரச் சாக்கு என்றால் டீமேக்கர் விடமாட்டார். தெய்வம்மா ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து, மெசினுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். சற்றுநேரத்தில் உருளையின் இழுப்பு அடங்கி, நாரைமட்டும் பிடித்தது. மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. அப்போது உருளை எதையுமே இழுக்காது. கம்பளித் துணியைக் கழற்றி டிரையர் ஓரம் காயவைக்க வேண்டியிருக்கும். ஏழு வருஷம் செய்த வேலை. அவள் அதைப் பற்றி அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினாள்.

ஜஸ்டஸ் வந்திருந்தார். வழக்கம்போல நடுங்கிக்கொண்டிருந்தார்; மேனேஜரும் வழக்கம்போல ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். நாங்கள் நால்வரும் கம்ப்யூட்டர் அறைக்குள் போனோம். மூடி திறந்திருந்தது, கார்டு உறை பிரிக்காமல் மேசையில் இருந்தது. ஜஸ்டஸ் கம்பளிமேல் நின்று ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டினார். சடசடவென்று சத்தம் கேட்டது. அவருடைய முடி நட்டுக்கொண்டது. தொழிற்சாலையை ஒட்டிய அறை என்பதால் எத்தனை துடைத்தாலும் அங்கே மேசைமேல் தேயிலை நார் கொஞ்சம் படிந்திருக்கும். அவர் கார்டை எடுக்கக் கையை நீட்டினார். மேசையிலிருந்த நார் துள்ளி எழும்பி அவருடைய ஸ்வெட்டர் கையில் ஒட்டியது. நானும் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

"சார், கார்டத் தொட்டுறாதீங்க" என்றாள் தெய்வம்மா.

அவள் குரல் எழுப்பிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஜஸ்டஸ் நீட்டிய கையோடு நின்றுவிட்டார். அவள் தன் கையை மேசைக்கு அருகே கொண்டுபோனாள். அவளும் ஸ்வெட்டர்தான் போட்டிருந்தாள். அவளுடைய சேலையும் நைலான். அவள் கைக்கும் நார் எழும்பியது.

"இஸ்டோர்ல நார் மெசின் இழுக்குறது இதேதான் சார். கம்பளி ஒரசினா உருள இழுக்கும். காஞ்ச நாள்ல கூடுதலா இழுக்கும், மழ நாள்ல இழுக்கவே இழுக்காது. மழ மாசமெல்லாம் இந்தக் கார்டு சாகலயே சார். நாந்தான் வாராவாரம் எடுத்தேன், அப்பயும் சாகல. பனி விழுந்த பொறகுதான செத்துச்சு."

ஜஸ்டஸ் தன் ஸ்வெட்டர் கையில் ஒட்டியிருந்த நாரைப் பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஸ்டேட்டிக்" என்றார். "டிரெயினிங்ல சொல்லிக் குடுத்தாங்க சிஸ்டர். உடம்புல ஏறுற அந்த மின்சாரம் சில்லுல பாஞ்சா உள்ள கருகிரும், வெளிய ஒண்ணும் தெரியாதுன்னு. கோயம்புத்தூர்ல காட்டன் சட்டையப் போட்டுக்கிட்டு சிமென்ட் தரையில நின்னு நூறு கார்டு மாத்தியிருப்பேன், ஒண்ணும் ஆனதில்ல. அதனால அது எனக்கு மறந்தே போச்சு."

எனக்கும் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. ஈரத்துக்குப் பயந்து பயந்து நாங்கள் அந்த அறையையே ஒரு நார் மெசினாக்கி வைத்திருந்தோம். காய்ந்த காற்றை டிரையர் சுவர் இன்னும் காயவைத்தது. கீழே கம்பளி, மேலே ஸ்வெட்டர். மற்றக் கார்டுகளை யாரும் தொடவில்லை, அவை பிழைத்தன. தொட்டுத் தொட்டுப் பராமரித்த கார்டுதான் செத்தது. கைராசி என்று ஊர் சொன்னது ஒருவகையில் உண்மைதான். அவள் கையால்தான் போயிற்று. ஆனால் அது கையின் ராசி அல்ல; கையில் ஏறி நின்ற மின்சாரம். அதை இறக்கிவிடலாம்.

தெய்வம்மா வெளியே போய் இரண்டு சாக்குகளை நனைத்து எடுத்துவந்தாள். மேனேஜர் வாசலை மறித்தார்.

"ஏனுங் அம்மிணி, ஈரத்தை வெளிய தள்ளறதுக்கு நான் ஏழெட்டு மாசமாப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நீங்க சாக்கை நனைச்சு உள்ளயே கொண்டாறீங்களே?"

ஜஸ்டஸ் அவருக்கு எடுத்துச் சொன்னார். மேனேஜர் கேட்டுக்கொண்டார், ஆனால் தண்ணீர் சொட்டுகிற சாக்கு தன் கம்ப்யூட்டர் அறைக்குள் போவதைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பி நின்றுகொண்டார். ஒரு சாக்கைச் சூடான சுவர் ஓரம் தொங்கவிட்டோம், மற்றதை மேசைக்குக் கீழே விரித்தோம். கம்பளியைச் சுருட்டி வராந்தாவில் எறிந்தோம். ஜஸ்டஸ் ஸ்வெட்டரைக் கழற்றினார். தெய்வம்மாவும் கழற்றினாள். அறைக்குள் நிற்பவர்கள் எல்லோரும் செருப்பையும் கழற்றிவிட வேண்டும் என்றார் ஜஸ்டஸ். அந்தக் குளிரில், ஸ்வெட்டரும் செருப்பும் இல்லாமல், கோயிலில் நடை திறக்கக் காத்திருப்பவர்களைப் போல நின்றோம். நார் மேசையில் அசையாமல் கிடக்கும்வரை பொறுத்திருந்தோம்.

ஜஸ்டஸ் கார்டைப் போடப் போனார்.

"நானே போடுறேன் சார். எங் கைக்குத்தான பேரு வந்துருச்சு" என்றாள் தெய்வம்மா.

அவர் விலகிக்கொண்டார். இடது கையால் கம்ப்யூட்டரின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் கார்டைத் தொட வேண்டும் என்றுமட்டும் சொன்னார். அவள் ஈரச் சாக்கின்மேல் வெறுங்காலோடு நின்று, சட்டத்தைப் பிடித்தபடி, உறையைப் பிரித்தாள். சில்லுகளைத் தொடாமல் ஓரத்தை விரல் நுனியால் பிடித்து, கார்டைப் பள்ளத்தில் இறக்கி, இரண்டு முனையிலும் மாறிமாறி அமுக்கினாள். திருகை முடுக்கினாள். மூடியை வைக்காமலே ஜஸ்டஸ் சுவிட்சைப் போட்டார்.

உள்ளே விசிறி சுற்ற ஆரம்பித்தது. அந்தக் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு குரல் கொடுக்கச் சற்று நேரமாகும். மேனேஜர் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

ஒரே ஒரு சின்ன பீப்.

திரையின் மூலையில் எழுத்து வந்தது. தெய்வம்மா அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.  மேனேஜர் அவளிடம் தன் பட்டைகளை ஒருமுறை காட்டச் சொன்னார். சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் வந்ததைப் பார்த்துவிட்டு, ஈரச் சாக்கைச் சுட்டிக்காட்டி, அதைத் தினமும் நனைக்க ஓர் ஆள் போடட்டுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் சார், இனிமேல் மூடியைத் திறக்காமல் இருந்தாலே போதும் என்றார் ஜஸ்டஸ். சனிக்கிழமை உத்தரவு அந்த இடத்திலேயே ரத்தாயிற்று. கோயம்புத்தூருக்குக் கடைசி பஸ் போய்விட்டதால் ஜஸ்டஸ் அன்றிரவு மேனேஜர் பங்களாவில் தங்கினார். மகள் சொன்னதால் ஆண்டாயி அவருக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்தனுப்பினார். எதற்கு என்று ஆண்டாயியிடம் யாரும் சொல்லவில்லை. மகள் வீட்டுக்கு வந்து தேங்காய்ச் சம்பலோடு நான்கு ரொட்டி சாப்பிட்டதைப் பார்த்து அவரே ஏதோ நல்லது என்று எடுத்துக்கொண்டாராம்.

மறுநாள் குழாயடிக்கு விஷயம் போய்விட்டது. மூக்கம்மா விடுவாளா?

"நாஞ் சொன்னேன்ல, ஓங் கையிதான்னு."

"ஆமாக்கா. கையேதான்" என்றாளாம் தெய்வம்மா.

ஆனால் பனிக்காலம் இன்னும் முடியவில்லை. பிப்ரவரி முழுவதும் உறைபனி விழுந்தது. தினமும் காலையில் அவள் சுவிட்சைப் போடுகிற நேரத்தில் எங்கள் ஆபீசில் பேச்சு நின்றுவிடும். யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. நான் பேனாவை மேலே தூக்கியபடி இருப்பேன். மேனேஜர் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். அந்த ஒற்றைச் சத்தம் கேட்டதும் நாற்காலிகள் நகரும், யாராவது தொண்டையைச் செருமுவார்கள், வேலை ஆரம்பமாகும். முதல் சனிக்கிழமை தெய்வம்மாவுக்குக் கை பரபரத்தது. மூடியைத் திறக்காமல் இருப்பதற்காக என் மேசைக்கு வந்து என்னுடைய பழைய பைல்களையெல்லாம் தூசி தட்டி அடுக்கிக் கொடுத்தாள்.

மார்ச்சில் பனி விட்டது. மே மாதம் முதல் மழை வந்தது. மேனேஜருக்குப் பழைய பயம் தலைதூக்கியது. மழைக்காலத்திலாவது கார்டைக் காயவைக்கலாமா என்று ஒருமுறை இழுத்தார். தெய்வம்மா அவர் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை. அந்தக் கார்டு பின்னால் கம்ப்யூட்டரையே மாற்றுகிறவரை அதே பள்ளத்தில் இருந்தது.

ஜூன் மாதம் அவளை நிரந்தரமாக்கிய உத்தரவு வந்தது. நானே குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப்போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தெய்வம்மா வாசலிலேயே நின்று படித்தாள், படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு உள்ளே போய் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். பனிக்காலத்தில் என்ன நடக்க இருந்தது என்பதையும் அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும்.  ஏனென்றால் ஆண்டாயி அவளை நன்றாகத் திட்டுவது வெளியே கேட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தைப் பெற்றவளிடம் மறைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாயா என்பது அதன் சாரம்.

நான் குடையை விரித்துக் கிளம்பினேன். வழியில் பாதிதூரம்கூடப் போயிருக்கமாட்டேன், பின்னால் குரல் கேட்டது. ஆண்டாயி தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"கிளாக்கரையா" என்றார். "செவுத்துல ஒரு ஆணி அடிச்சுக்கலாமுங்களா?"

அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உள்ளே போனார். சற்றுநேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது.